ஆயிரத்தொன்றாவது குதிரை

அன்று புதன்கிழமை என்பதால் கிழக்கு வீதிக்காரர்கள் சிரிக்கலாம்.

காலையிலிருந்தே வாசல்களில் கூட்டம். வாரம் முழுவதும் அடக்கி வைத்த சிரிப்பை ஒரே நாளில் சிரித்துத் தீர்த்தாக வேண்டும். போன வாரம் குழாயடியில் வழுக்கி விழுந்த ஒருவரை வரவழைத்து, அதே இடத்தில் மறுபடி விழச் சொல்லிச் சிரித்தார்கள். அவரும் அதே வீதிக்காரர்தான்; முகம் கோணாமல் விழுந்தார். மேற்கு வீதிக்கு வியாழன், வடக்குக்கு வெள்ளி, தெற்குக்குச் சனி. பாட்டுக்கு எந்த நாளும் அனுமதி கிடையாது. அழுகைக்கு மட்டும் கட்டுப்பாடு இல்லை. அழுகிறவர்கள் பாதி நேரம் மூச்சை அடக்கிக்கொண்டுதான் அழுகிறார்கள் என்று ஊர் மன்றம் கண்டுபிடித்திருந்தது.

நம்மவர்கள் செவ்வாய்க் கிரகத்துக்குப் போய்க் குடியேறி மூன்று தலைமுறை ஆகிறது. ஊரின் பெயர் புதுப் பல்லடம். கண்ணாடிக் கூடாரம் ஒன்றைக் கவிழ்த்து வைத்து, அதற்குள் நாலாயிரம் பேர் வாழ்கிறார்கள். அடுப்பில் பருப்பைப் போட்டுவிட்டு ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்த் திரும்பினால் பருப்பு வெந்திருக்காது, அவ்வளவுதான் ஊர். வெளியே காற்று உண்டு. ஆனால் அது மெலிந்த காற்று, மூச்சுக்கு ஆகாது. அதை உறிஞ்சி, அமுக்கி, பிராணவாயுவைப் பிரித்து வீடுகளுக்கு அனுப்புவது மூச்சாலை. கோயமுத்தூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு எந்தக் கிரகத்துக்குப் போனாலும் ஓர் ஆலை இல்லாமல் தூக்கம் வராது.

அந்த மூச்சாலைக்குத்தான் இப்போது மூச்சு வாங்கியது. காற்றை அமுக்கும் பெரிய சக்கரத்தின் இதழ்கள் தேய்ந்துபோய், இழுப்பு நோய் கண்டவர் போல ஆலை இரவும் பகலும் இரைந்துகொண்டிருந்தது. மூச்சாலைப் பொறியாளர் குமுதவல்லிக்கு இருபத்தெட்டு வயது. ஊர் மன்றம் கூடும்போதெல்லாம் எழுந்து நின்று அவள் ஒரே விஷயத்தைத்தான் சொல்வாள்.

"இன்னும் ஒரு வருசம் தாங்குமுங்க. அதுக்கப்பறம் பேச்சுக்கும் முறை வெக்கோணும். அதுக்கும் அப்பறம் என்னன்னு நீங்களே ரோசனை பண்ணிக்குங்க."

புதுச் சக்கரம் செய்ய ஒரே ஓர் உலோகம்தான் ஆகும். முதன்முதலில் வந்து இறங்கிய விண்கலங்களின் அடிப்பாகத்தில் இருந்த, எந்தச் சூட்டுக்கும் அசையாத உலோகம் அது. கலங்களைப் பிரித்தபோது குடும்பத்துக்குக் கொஞ்சம் என்று பங்கு போட்டுக்கொண்டார்கள். கலவெள்ளி என்று பெயரும் வைத்து, வளையலாகவும் மெட்டியாகவும் குத்துவிளக்காகவும் அடித்து வைத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு ஒரு துண்டு கொடுத்தால் சக்கரம் தயார். ஊர்ப் பொதுக் காரியம் என்றதும் அத்தனை பேரும் ஒருமனதாக ஆதரித்தார்கள். கொடுப்பதை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் தொடங்கி வைக்கட்டும் என்றார்கள். கடைசியில் சேர்ந்தது, குமுதவல்லியின் அப்பா பொன்னுரங்கம் கொடுத்த ஒரு தட்டும், அவர் பட்டறையில் வேலை பார்க்கும் சின்னத்துரை என்ற இயந்திரன் கழற்றிக் கொடுத்த தன் உதிரி விரல் ஒன்றும்தான். மன்றத் தலைவர் மாரப்பன் அதற்கு நன்றி தெரிவித்துவிட்டு, சிரிப்பு முறைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தார்.

அந்தப் புதன்கிழமை பொன்னுரங்கம் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. குமுதவல்லியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள்.

மாப்பிள்ளை நாச்சிமுத்து பாசிக்குளத்தில் மேற்பார்வையாளர். பாசியைப் புளிக்க வைத்து எரிசாராயம் எடுப்பது அவன் வேலை. அதிகம் பேசாத பிள்ளை. ஜாதகம் பொருந்தியிருந்தது. செவ்வாயிலேயே பிறந்தவர்களுக்குச் செவ்வாய் தோஷம் பார்ப்பதில்லை என்று ஜோதிடர்கள் எப்போதோ முடிவு செய்து, தொழில் கெடாமல் இருக்க அதற்குப் பதிலாகப் பூமி தோஷம் பார்த்து வந்தார்கள். அதுவும் இரண்டு பேருக்கும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா தெய்வாத்தாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நாங்க ஒண்ணும் கேக்கலீங்கண்ணா," என்றார்.

பொன்னுரங்கம் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தார். ஒன்றும் கேட்காத சம்பந்திகளைப் பற்றி அவர் நிறையக் கேள்விப்பட்டிருந்தார்.

"உங்க பொண்ணுக்கு நீங்க செய்யறதச் செய்யப் போறீங்க. எங்களுக்கென்ன வந்துது? ஆனா பாருங்க, போன தடவ மேக்கு வீதிக் கல்யாணத்துல மாப்பிள்ளைக்கு முன்னூத்தியொரு குதிரைல கார் குடுத்தாங்க. நாளைக்கு சொந்தம் ஒறம்பரைக்குள்ள ஒரு பேச்சு வந்துரக் கூடாதல்லங்க?"

"அப்ப ஒரு ஐநூறு…"

"ஆயிரம்…" என்று தொடங்கிய தெய்வாத்தாள் ஒரு கணம் நிறுத்தினார். தலைகுனிந்து நின்ற குமுதவல்லி தொண்டையைச் செருமினாள். "ஆயிரம் குதிரைங்கண்ணா. ஐயோ, மொட்டையா ஆயிரம் ஆகாது. ஆயிரத்தொண்ணு."

மொட்டை எண் எந்த நல்ல காரியத்துக்கும் ஆகாது. மொய் வைத்தாலும் ஒன்று சேர்த்துத்தான் வைப்பார்கள். ஒன்று சேர்த்தால் வளரும் என்று நம்பிக்கை. பூமியை விட்டு வரும்போது கடலையும் மழையையும் விட்டுவிட்டு வந்தவர்கள், இதை மட்டும் மறக்காமல் எடுத்து வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை அழைப்புக்கு எரிபொருள் கார்தான் வேண்டும் என்பதும், அதன் திறனைக் குதிரைக் கணக்கில் எண்ணுவதும் அப்படி வந்த வழக்கம்தான். சாமான் இழுக்கும் சின்ன மின்மோட்டார் வண்டிகள் ஊரில் ஏராளம். ஆனால் மின்மோட்டாருக்குச் சத்தம் இல்லை. சத்தம் இல்லாத கார் வாசலில் வந்து நின்றால் எதிர்வீட்டுக்காரருக்கு எப்படித் தெரியும்? மற்றபடி நாச்சிமுத்துவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. புதுப் பல்லடத்தில் யாருக்குமே தெரியாது. ஓட்டுவதற்கு இடமும் கிடையாது.

அவர்கள் போன பிறகு பொன்னுரங்கம் மகளிடம் பொரிந்தார்.

"ஏன் அம்மிணி, ஆயிரம் குதிரை இஞ்சின் எத்தன காத்து குடிக்கும்னு உனக்குத் தெரியாதா? ஊரு மூச்சுக்காக நாயா அலையறவ நீ. வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"செஞ்சுருங்கப்பா," என்றாள் குமுதவல்லி. "நல்ல எடம். விட்டுட்டா மறுபடி கெடைக்குமா?"

பொன்னுரங்கத்துக்கு மனசு விட்டுப் போயிற்று. இவளைப் போய் ஊருக்காகப் பிறந்தவள் என்று நினைத்தோமே, கல்யாணம் என்றதும் இவளும் எல்லோரையும் போலத்தானா என்று வருந்தினார். ஆனால் ஒரே மகள். மறுநாளே பட்டறையைத் திறந்தார்.

கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள் இன்ஜினைக் கட்டிப் பார் என்று சொல்லாமல் விட்டது, அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட சம்பந்திகள் வாய்க்காததால்தான். பூமியிலிருந்து காட்சிக்காக வந்த பழைய சிவப்புக் கார் ஒன்று பொன்னுரங்கத்திடம் இருந்தது. அதன் இன்ஜினைப் பிரித்தார். சிலிண்டர்களைக் கடைந்து பெரிதாக்கினார். பழைய பிஸ்டன்களைத் தூக்கி எறிந்துவிட்டு, அடி தாங்கும்படி இரும்பைக் காய்ச்சி அடித்துப் புதிதாகச் செய்தார். கிராங்க் தண்டை இம்மியும் கோணாமல் சமன் செய்தார். அப்படியும் முந்நூற்று ஐம்பதுக்கு மேல் ஒரு குதிரைகூட ஏறவில்லை.

இன்ஜின் என்பது சோற்றுப் பிரியன். எரிபொருள் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம். கூடவே காற்றும் வேண்டும், இல்லாவிட்டால் எரியாது. தானாக உறிஞ்சுகிற காற்று போதாதபோது காற்றூட்டி வைக்கிறார்கள். டர்போ என்று பூமியில் சொல்வது இதைத்தான். வீணாக வெளியேறும் சூட்டுப் புகையின் வழியில் ஒரு சக்கரம். புகை அதைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது காற்றை அள்ளி அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கும். பந்தியில் போதும் போதும் என்று கையால் மறைக்கிறவர் இலையில் இன்னும் இரண்டு கரண்டி கொட்டுவது போலத்தான். கொட்டக் கொட்ட இன்ஜின் தின்னும். தின்னத் தின்னக் குதிரைகள் கூடும்.

நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுச் சுற்றும் அந்தச் சக்கரத்துக்கு, கலவெள்ளியைத் தவிர எதுவும் தாங்காது.

கலவெள்ளி கேட்டு வீடு வீடாகப் போகப் பொன்னுரங்கத்துக்கு நாக்கு கூசியது. மூச்சாலைக்கென்று கேட்டபோது கதவைத் திறக்காத வீடுகள். முதலில் மாரப்பன் வீட்டுக்குத்தான் போனார்.

"மாப்பிள்ளை காருக்குங்களா?" என்றார் மாரப்பன். "அட, இத மொதல்லயே சொல்லக்கூடாதா? நாளைக்கு சம்பந்தி முன்னாடி நீ தல குனிஞ்சா அது நம்ம வீதிக்கே கேவலமல்லப்பா."

உள்ளே போய்க் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். செய்தி பரவியது. வளையல் வந்தது, மெட்டி வந்தது, குங்குமச் சிமிழ் வந்தது. வடக்கு வீதிக்காரர்கள் கொடுத்ததைவிட ஒரு சிமிழாவது கூடக் கொடுக்க வேண்டும் என்று தெற்கு வீதியில் தனியாகக் கூட்டம் போட்டார்கள். பொன்னுரங்கம் கண்கலங்கி வீட்டுக்கு வந்தார். இந்த ஜனங்களையா நான் திட்டினேன் என்று மகளிடம் சொன்னார். குமுதவல்லி மெட்டிகளைத் தனியாகவும் வளையல்களைத் தனியாகவும் பிரித்துக்கொண்டிருந்தாள்.

சக்கரத்தின் வரைபடத்தை அவளே போட்டுத் தந்தாள். அச்சு இன்ன கனம், இதழ் இன்ன வளைவு, ஒரு மயிரிழையும் மாறக்கூடாது என்றாள். சின்னத்துரை தன் மூன்று கைகளில் ஒன்றால் வரைபடத்தைப் பிடித்துப் பார்த்தது. அது இலக்கணச் சுத்தமாகத்தான் பேசும்.

"ஐயா, இச்சக்கரம் இந்த இன்ஜினுக்கு மிகவும் பெரியது. ஆறாயிரம் சுற்றுக்குக் கீழே இது விழித்துக்கொள்ளாது. ஊர்வலத்தில் எவ்வளவு வேகம் தேவை?"

"நடக்கற வேகம்டா."

"அப்படியாயின் இச்சக்கரம் எதற்கு?"

"சம்பந்தி ஊட்டுக்குக் குடுக்கறது பெருசாத்தாண்டா இருக்கோணும்!" என்றார் பொன்னுரங்கம்.

இயந்திரன் இதை ஒரு பொறியியல் விதி என்று எடுத்துக்கொண்டு, தன் நினைவில் பதித்துவைத்தது.

முகூர்த்தத்துக்கு முன்தினம் சோதனை. காரின் பின்சக்கரங்களை உருளைகளின் மேல் ஏற்றி முடுக்கினால், இன்ஜின் எத்தனை குதிரை என்று எண் காட்டும் பொறிக்குக் குதிரைமானி என்று பெயர். பெண் வீட்டார் கொடுக்கும் குதிரைகளை மாப்பிள்ளை வீட்டார் அதில் நேரில் பார்த்து எண்ணிக்கொள்வது முறை.

ஆயிரம் குதிரையில் அந்த இன்ஜின் இழுக்கும் காற்று, ஊரில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து விடும் மூச்சைவிட அதிகம். ஆகவே சோதனை முடியும்வரை எல்லோரும் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும் என்று தீர்மானமாயிற்று. கூரை உடைந்தால் ஒழியத் தொடக்கூடாது என்று வீட்டுக்கு வீடு பூட்டி வைத்திருந்த ஆபத்துக்கால முகமூடிகள். மூச்சாலைப் பொறியாளர் மறுப்பாள் என்று மாரப்பன்கூட எதிர்பார்த்தார். அவள் சரியென்று தலையை ஆட்டிவிட்டாள். நாலாயிரம் பேரும் பட்டுச்சேலைக்கும் பட்டுவேட்டிக்கும் மேலே முகமூடியை மாட்டிக்கொண்டு மைதானத்தில் நின்றார்கள்.

பொன்னுரங்கம் சாவியைத் திருகினார். இன்ஜின் உறுமியது. ஆறாயிரம் சுற்றைத் தொட்டதும் காற்றூட்டி விழித்துக்கொண்டது. ஒரு விசில் சத்தம் கூடாரம் முழுக்க எழும்பியது. முந்நூறு, ஐநூறு, எண்ணூறு. மைதானத்துக் கொடித்தோரணங்கள் எல்லாம் காரின் வாயைப் பார்த்துச் சாய்ந்தன. பெரியவர் ஒருவருடைய மேல்துண்டு பறந்துபோய் வடிகட்டியில் ஒட்டிக்கொண்டது.

எண் ஆயிரத்தில் வந்து நின்றது. அதற்கு மேல் நகரவில்லை.

கூட்டம் கழுத்தை நீட்டி எண்ணைப் பார்த்தது. தெய்வாத்தாள் முகமூடியைக் கொஞ்சம் விலக்கினார்.

"மொட்டையா நிக்குதுங்கண்ணா."

பொன்னுரங்கத்துக்கு வியர்த்தது. காற்றழுத்தத்தை இன்னும் ஏற்றினால் கேஸ்கெட் பிய்த்துக்கொள்ளும். ஒரே ஒரு குதிரைக்கு எங்கே போவது? நாளைக்குக் காலையில் முகூர்த்தம். மகள் முகத்தைப் பார்த்தார். அவள் எண்ணைப் பார்க்கவில்லை, காற்றூட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவையாக அவள் கண்ணில் பயம் தெரிந்தது. "ஆயிரத்தோட நிறுத்திக்கலாமுங்க அத்தை," என்று தெய்வாத்தாளிடம் கெஞ்சினாள். தெய்வாத்தாள் அசையவில்லை.

பொன்னுரங்கத்துக்குப் பளிச்சென்று தோன்றியது. "சின்னத்தொரை, ஏசி பெல்ட்டக் கழட்டுடா!"

இன்ஜின் சுமக்கிற வேலைகளில் ஒன்று குறைந்தால் அந்தச் சக்தி காரின் பின்சக்கரங்களுக்குப் போகும். மறுபடி முடுக்கினார். எண் ஆயிரத்தைத் தாண்டியது. கூட்டம் முகமூடிக்குள் ஆரவாரம் செய்தது. எண் ஆயிரத்து நாலில் போய் நின்றது.

தெய்வாத்தாள் தலையை இடமும் வலமும் ஆட்டினார். "நாலு எப்பிடிங்கண்ணா ஆகும்? பாடை தூக்கற கணக்கல்ல அது? இது நல்ல காரியமாச்சே."

மூன்று குதிரைகளைக் கொல்ல வேண்டும். பொன்னுரங்கம் காருக்குள் பாய்ந்து முன்விளக்கைப் போட்டார். மின்சாரம் உண்டாக்கும் சுமை கூடியது. ஒரு குதிரை குறைந்தது. கண்ணாடி துடைப்பானைப் போட்டார், இன்னொன்று. ஹாரனை அமுக்கிப் பிடித்தார்.

கண்ணைப் பறிக்கும் விளக்கும், மழையே அறியாத ஊரில் கண்ணாடியைத் தேய்க்கும் துடைப்பானும், காது கிழியும் ஹாரனுமாகக் கார் நின்ற இடத்திலேயே கதறியது. குதிரைமானியில் ஆயிரத்தொன்று.

பெண்கள் குலவையிட்டார்கள். மாரப்பன் பொன்னுரங்கத்தைக் கட்டிக்கொண்டார். "மானத்தக் காப்பாத்திட்டயப்பா!" முகமூடிகளுக்குக் காற்றுத் தரும் ஊரின் ஆபத்துக்கால உருளைகள் பாதிக்கு மேல் காலியாகியிருந்தன. குமுதவல்லி ஓடிப்போய் முன்மூடியைத் திறந்து, காற்றூட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு நீளமாக மூச்சு விட்டாள்.

அன்று மாலை மாப்பிள்ளை அழைப்பு. கோயிலிலிருந்து மண்டபம் ஐந்து வீடு தள்ளி இருந்தது. முன்னால் நாதஸ்வர இயந்திரன்கள் வாசித்துக்கொண்டு ஆமை வேகத்தில் நகர, பின்னால் ஆயிரத்தொரு குதிரைக் கார். ஓட்டுநர் இருக்கையில், ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க மட்டும் பழகியிருந்த பொன்னுரங்கம். பின்னால் மாலையும் தலைப்பாகையுமாக நாச்சிமுத்து. இவ்வளவு மெதுவாகப் போய்ப் பழகாத இன்ஜின் இரண்டு தடவை குமுறிவிட்டு நின்றது. திரும்பத் திரும்பச் சாவியைத் திருகியும் பலனில்லை. மாமன் மச்சான்கள் எட்டுப் பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார்கள். ஊர் கூடித் தேர் இழுத்தது போல் இருந்தது என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள்.

சின்னத்துரை உடன் நடந்துகொண்டே கணக்குப் பார்த்தது. "ஐயா, எட்டு மனிதர்களின் தள்ளுவிசை ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன். ஆயிரத்தொன்றில் இப்போது பயன்படுவது அந்த ஒன்று மட்டுமே."

"வாய மூடிட்டு வாடா," என்றார் பொன்னுரங்கம்.

கல்யாணம் நன்றாகவே நடந்தது. மறுவிருந்துக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போன பொன்னுரங்கம், கையலம்புவதற்கு முன் காரைத்தான் பார்க்கப் போனார். வாசலை அடைத்துக்கொண்டு, உறை போர்த்தி நின்றது கார். தெருவில் போகிறவர்கள் உறையைப் பார்த்து ஒரு நொடி நின்று மரியாதையாகப் போனார்கள். பெற்ற பிள்ளையைப் பார்க்கிற ஆசையோடு பொன்னுரங்கம் உறையை விலக்கி முன்மூடியைத் தூக்கினார்.

காற்றூட்டி இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. குழாயின் வாயில் பழந்துணி அடைத்திருந்தது.

அவர் துணியைப் பிடுங்கிக் குழாய்க்குள் பார்த்தார். ஊரே உருக்கக் கொடுத்த வளையலும் விளக்கும்! திருட்டுப் போய்விட்டது என்று கூவ வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். ஏதோ குறைந்தது. ஊரில் ஒரு சத்தம் குறைந்தது. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டுக் காதுக்குப் பழகிப்போன மூச்சாலையின் இழுப்பு நின்றுபோயிருந்தது. அதற்குப் பதிலாக மெல்லிய விசில் சத்தம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரிந்த விசில்தான்.

பொன்னுரங்கம் ஓடினார். மூச்சாலையில் குமுதவல்லி புதுத்தாலி எண்ணெயில் படாமல் முதுகுப்பக்கம் போட்டுக்கொண்டு திருகு முடுக்கிக்கொண்டிருந்தாள். நாச்சிமுத்து விளக்குப் பிடித்துக்கொண்டிருந்தான். தெய்வாத்தாள் ஒரு முக்காலியில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார். பெரிய சக்கரம் இருந்த இடத்தில், கலவெள்ளிச் சக்கரம் கச்சிதமாகப் பொருந்திச் சுழன்றது. இந்த இடத்துக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல் இருந்தது. அப்படித்தான் செய்திருந்தது.

"என்ன அம்மிணி இது?"

"ஆயிரத்தொரு குதிர கேக்கச் சொன்னது நாந்தானுங்கப்பா," என்றாள் குமுதவல்லி. "அத்தைகிட்டச் சொல்லிக் கேக்க வெச்சேன்."

"அவ சொல்லிக் குடுத்ததத்தான் நான் ஒப்பிச்சனுங்கண்ணா," என்றார் தெய்வாத்தாள். "எனக்கு ஆயிரம்னு சொல்ல வாயே வல்ல. செருமி செருமி எடுத்துக் குடுத்தா."

"என்றகிட்டயாவது சொல்லியிருக்கலாமல்ல?"

"சொல்லியிருந்தா நீங்க ஊருக்காகன்னு நெசத்தச் சொல்லித்தான் கேட்டிருப்பீங்க. ஊருக்குன்னா எவன் குடுப்பான்? சம்பந்திக்குன்னாத்தான் குடுப்பான்." அவள் குரல் உடைந்தது. "எத்தன வருசம் நின்னு கத்தினேங்கப்பா. ஒரு மெட்டி வந்துதா?"

பொன்னுரங்கம் அவள் கையிலிருந்த திருப்புளியை வாங்கிக்கொண்டார். மகளை நினைத்துப் பெருமையாகவும், அவளைத் தப்பாக நினைத்ததற்கு வெட்கமாகவும் இருந்தது. பிறகு திடீரென்று நினைவு வந்து தெய்வாத்தாளைப் பார்த்தார். "அது சரிங்க, சக்கரந்தான் வேணும்னா, அந்த ஒரு குதிரைக்கு ஏனுங்க அத்தன பாடு படுத்துனீங்க?"

"நானும் அதத்தான் கேக்கறேன்," என்றாள் குமுதவல்லி. "சக்கரம் அங்கயே ஒடஞ்சிருக்கும். ஆயிரத்துல விட்டுருக்கலாமல்லங்க அத்தை?"

தெய்வாத்தாள் விசிறியை நிறுத்தினார். "அதெப்பிடி விடறது?" என்று உண்மையான ஆச்சரியத்தோடு கேட்டார். "மொட்டை எண்ணு ஆகாதல்ல?"

ஊருக்கு விஷயம் தெரிந்ததும் மன்றம் கூடியது. இப்படி ஒரு கூட்டம் மூச்சாலைக்காக ஒருநாளும் கூடியதில்லை. மாரப்பன் கொதித்தார். வருஷக்கணக்காகக் கிடைக்காத முழுமூச்சு கிடைத்ததில் அவர் குரல் கணீரென்று இருந்தது.

"என்ற குத்துவெளக்க மாப்பிள்ளை காருக்குன்னு குடுத்தேன். ஊரு மூச்சு விடறதுக்கா குடுத்தேன்? ஊருக்குக் குடுக்கறதா இருந்தா அப்பவே குடுத்திருக்க மாட்டனா?"

"ஏமாத்து வேலை!" என்றது கூட்டம். "சக்கரத்தக் கழட்டிக் கார்ல மாட்டு!"

குமுதவல்லி வெளுத்துப் போனாள். கழற்றினால் பழைய சக்கரத்தை மறுபடி மாட்ட முடியாது; எடுக்கும்போதே அது உதிர்ந்துவிட்டது. அதைச் சொல்ல வாயெடுத்தவளைக் கையமர்த்திவிட்டுத் தெய்வாத்தாள் எழுந்தார்.

"கார் யாரு ஊட்டுதுங்க?" என்றார். "மாப்பிள்ளை ஊட்டுது. அதுல இருக்கற பண்டத்த நாங்க மூச்சாலைல வெப்போம், மச்சுல வெப்போம். சம்பந்தி ஊட்டுக்குக் குடுத்தத திருப்பிக் கேக்கற வழக்கம் நம்ம ஜனத்துல எப்ப இருந்து வந்துதுங்க?"

கத்தியவர்கள் துண்டைச் சரிசெய்துகொண்டார்கள். மாரப்பன் உட்கார்ந்தார். மூச்சு போனாலும் போகலாம். சம்பந்தி மனம் கோணக்கூடாது. "தப்பா எடுத்துக்காதீங்க," என்று நாலு பேர் தெய்வாத்தாளிடம் மன்னிப்புக் கேட்டார்கள்.

சும்மா கலைந்தால் மரியாதையாக இருக்காது என்று மாரப்பன் அடுத்த விஷயத்தை எடுத்தார். நீராலையில் பனிக்கட்டியை உருக்கி நீர் இறைக்கும் பம்பு பழுதாகி நாளாகிறது. அதற்கும் கலவெள்ளி வேண்டும். சொல்லி முடித்ததும் எல்லோரும் அவரவர் வேட்டி நுனியைப் பார்த்தார்கள். மாரப்பன் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் பார்வை மெதுவாகப் பின்வரிசைக்குப் போய், அங்கே தூங்கிக்கொண்டிருந்த நீராலைப் பொறியாளர் சென்னியப்பன் மேல் நின்றது. ஐம்பத்தாறு வயது, கல்யாணமாகவில்லை.

"சென்னியப்பனுக்கு ஒரு பொண்ணு பாக்கோணும்," என்றார் மாரப்பன்.

மன்ற வரலாற்றிலேயே முதல் முறையாக ஒரு தீர்மானம் விவாதமின்றி நிறைவேறியது. சென்னியப்பனை உலுக்கி எழுப்பி, மாப்பிள்ளை ஆகிவிட்டதாகத் தெரிவித்தார்கள். கூட்டத்தில் முன்னமே நாலு பேர் தங்கள் வீட்டு வளையல்களை மனசுக்குள் எடை போடத் தொடங்கிவிட்டார்கள்.

"நாம ஒண்ணும் கேக்க வேண்டாம்," என்று மாரப்பன் விளக்கினார். "பொண்ணு ஊட்டுக்காரங்க அவங்களாப் பாத்து, ஒரு ரெண்டாயிரத்தொரு குதிரைல…"

ஓரமாக நின்ற சின்னத்துரை தன் மூன்று கைகளில் ஒன்றைத் தூக்கியது.

"பொறுத்தருள்க. தேவை நீர்ப்பம்புதான் என்றால், ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து நீர்ப்பம்பையே செய்துவிடலாமே?"

மன்றமே திரும்பி இயந்திரனைப் பார்த்தது. பிறகு மாரப்பன் சிரித்தார். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். நான்கு வீதிக்காரர்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். மூச்சாலையின் புதுச் சக்கரம் ஒரு சுருதி ஏறி அத்தனை சிரிப்புக்கும் காற்றுக் கொடுத்தது. அன்று என்ன கிழமை என்று யாரும் பார்க்கவில்லை.